சுண்டல் பட்டாணியை விதைத்தேன், இலைக்குப் பதில் வெறும் கம்பியாக வருகிறது. இது நோயா?

கோத்தகிரி டீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நவராத்திரியில் ஒரு நாள் சுண்டலுக்காக அரை கிலோ வெள்ளைப் பட்டாணி ஊறப்போட்டேன். அளவு கொஞ்சம் கூடிப்போனது. மிச்சத்தை ஈரத்துணியில் கட்டி வைத்துவிட்டு மறந்தே போனேன். மூன்றாம் நாள் அவிழ்த்தால் வெள்ளை வெள்ளையாக வேர் எட்டிப் பார்க்கிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை. மாடியில் மீன் பெட்டி, அதாவது தெர்மாகோல் பெட்டி ஒன்று சும்மா கிடந்தது. மண்ணும் எருவும் போட்டு அதில் 20 விதை ஊன்றினேன். பக்கத்திலேயே இன்னொரு பெட்டியில் விதைக்கடை பாக்கெட் பட்டாணி 10.

இப்போது ஐந்து வாரம் ஆகிறது. பாக்கெட் பட்டாணி பத்தும் பாடப்புத்தகப் படம் மாதிரியே இருக்கின்றன: அடியில் தண்டைக் கட்டிப் பிடித்தாற்போல இரண்டு பெரிய இலையடிச் செதில், அதற்கு மேல் இரண்டு ஜோடி சிற்றிலை, நுனியில் பற்றுக்கம்பி. சுண்டல் பட்டாணியில் முளைத்தது 14. அந்தப் பதினாலிலும் பேருக்குக்கூட ஒரு சிற்றிலை இல்லை. செதில் மட்டும் நன்றாகப் பெரிதாக, கரும்பச்சையாக இருக்கிறது. சிற்றிலை வரவேண்டிய இடத்தில் கம்பி, கம்பிக்கு ஒரு கிளை, அந்தக் கிளைக்கும் ஒரு கிளை. எல்லாம் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு குச்சி நடாமலே நிற்கின்றன. "கோழிக்கூட்டுக்கு இனிமேல் வலை வாங்க வேண்டாம்" என்கிறார் வீட்டுக்காரர்.

பக்கத்து எஸ்டேட்டில் போன மாதம் களைக்கொல்லி அடித்தார்கள். அதன் வேலையா? வைரஸா? பரம்பரைக் குணம் என்றால் பதினாலும் ஒன்றுபோல வருமா?

இன்னொன்றும் இருக்கிறது. நான் பதினொன்றாம் வகுப்புக்குத் தாவரவியல் எடுக்கிறேன். "பட்டாணியில் பற்றுக்கம்பி என்பது சிற்றிலையின் மாற்றுரு" என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிறேன். இந்த முறை ஒரு பெண் எழுந்து, "மிஸ், அது இலைதான்னு எப்படித் தெரியும்? திராட்சையில மட்டும் தண்டுன்னு சொன்னீங்களே?" என்று கேட்டுவிட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்தேன். அந்த நாளை போய் மூன்று வாரம் ஆகிறது.

மலைத்தோட்டம் எழுதியது:

மேடம், களைக்கொல்லிதான். 2,4-டி காற்றில் வந்தால் தக்காளி இலை நூல் நூலாகச் சுருங்கிவிடும், என் தோட்டத்திலேயே பார்த்திருக்கிறேன். பிடுங்கிப் போட்டுவிட்டு மண்ணையும் மாற்றுங்கள்.

மூன்றாம் தலைமுறை மளிகை எழுதியது:

விவசாயம் எனக்குத் தெரியாது, சரக்கு தெரியும். 2023 டிசம்பரில் இறக்குமதி வரியை எடுத்த பிறகு எங்கள் கடைக்கு வந்த வெள்ளைப் பட்டாணியில் பாதிக்கு மேல் கனடா மூட்டைதான். டீச்சர் மாடியில் முளைத்திருப்பது ஊட்டிப் பட்டாணியாக இருக்க வாய்ப்பில்லை. ஊர் மாறினால் செடியும் மாறுமா என்பதைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

பட்டாணிக்காரன் எழுதியது:

டீச்சர், தயவுசெய்து பிடுங்காதீர்கள்! நான் வெளிநாட்டில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மூன்று வருடம் பட்டாணியோடு குடித்தனம் நடத்தியவன். உங்கள் பெட்டியை இங்கிருந்தே அடையாளம் சொல்ல முடியும்.

முதலில் களைக்கொல்லி விஷயம். மலைத்தோட்டம் சார் தக்காளியில் பார்த்தது உண்மைதான். ஆனால் காற்றில் வந்த மருந்துக்குப் பெட்டி பார்த்து இறங்கத் தெரியாது. பக்கத்துப் பெட்டியில் பத்தும் நன்றாக இருக்கின்றன. தவிர 2,4-டி பட்டிருந்தால் தண்டு முறுக்கிக்கொள்ளும், செதிலும் கோணிப் போகும். உங்கள் செடியில் செதில் கரும்பச்சையாக அகலமாக இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி போதும்.

இதற்குப் பெயர் அஃபிலா. 1953-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட ஒரு சடுதிமாற்றம். ஒடுங்கு பண்பு, அதாவது மரபணுவின் இரண்டு பிரதியும் மாறியிருந்தால்தான் வெளியே தெரியும். ஒரே மரபணு இடம். மளிகைக்காரர் நூல் பிடித்த இடம் சரிதான்: கனடாவில் காய்ந்த பட்டாணிக்காகப் பயிரிடும் இன்றைய ரகங்கள் பெரும்பாலும் இந்த வகை. காரணம் உங்கள் வீட்டுக்காரர் சொன்ன கோழிவலைதான். சாதாரணப் பட்டாணி காய் முற்றும் நேரத்தில் தன் பாரம் தாங்காமல் தரையில் சாய்ந்துவிடும். கீழே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும், அறுவடை இயந்திரத்தின் கத்திக்கும் எட்டாது. அஃபிலா வயலில் செடிகள் கைகோத்து நிற்கும், நடுவே காற்றும் வெயிலும் புகும். உணவு தயாரிக்கும் வேலையைச் செதிலும் கம்பியும் பார்த்துக்கொள்ளும். கம்பியும் பச்சைதானே.

1970-களில் இங்கிலாந்தின் நாரிச் நகரில், ஜான் இன்னஸ் நிறுவனத்தில் ஸ்நோட் என்பவர் இன்னும் ஒரு படி மேலே போய், செதிலையும் சின்னதாக்கும் இன்னொரு மரபணுவை இதோடு சேர்த்துப் பார்த்தார். கிட்டத்தட்ட இலையே இல்லாத பட்டாணி! நிமிர்ந்து நின்றது, விளைச்சல்தான் குறைந்தது. அதனால் உழவர்களிடம் நிலைத்தது செதில் உள்ள ரகம். அதற்கு 'அரை இலையிலி' என்று பெயர்.

பதினாலும் ஒன்றுபோல இருப்பதில் அதிசயம் இல்லை. பட்டாணிப் பூ விரிவதற்கு முன்பே தன் மகரந்தத்தால் தானே கருவுற்றுவிடும். ஒரு ரகம் என்று வெளியே வரும்போது எல்லாச் செடியிலும் இரண்டு பிரதியும் அஃபிலாவாகவே இருக்கும். தானாகக் கலப்பு நேர்வது மிக அபூர்வம்.

சரி, இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். எனக்குப் பிடித்ததே அதுதான்.

பட்டாணித் தண்டின் நுனியை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, ஊசியால் செதில்களை ஒவ்வொன்றாக வெங்காயம் மாதிரி உரிக்க வேண்டும். ஒரு செதிலுக்குள் ஓர் இளம் இலை, அதன் செதிலுக்குள் இன்னும் இளையது என்று போய்க்கொண்டே இருக்கும். ஆறேழு உரித்தால் கடுகைவிடப் பல மடங்கு சின்னதாக, ஈரமாகப் பளபளக்கும் ஒரு மேடு தெரியும். ஊசி வழுக்கினால் அத்தனையும் போச்சு. முதல் மாதம் முழுக்க எனக்கு அப்படித்தான் போனது. பிழைத்து நிற்கும் மேட்டின் ஓரத்தில் சின்னச் சின்னப் புடைப்புகள் இருக்கும். அடியில் இரண்டு புடைப்பு, அவை செதிலாகும். அதற்கு மேல் ஒரு ஜோடி, இன்னொரு ஜோடி என்று அடியிலிருந்து நுனி நோக்கிப் புறப்படும். கவனியுங்கள், அந்தக் கட்டத்தில் எது சிற்றிலை ஆகும், எது கம்பி ஆகும் என்று புடைப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே மாதிரி உருண்டை. பிறகுதான் பிரியும். அடிப்பக்கத்து உருண்டைகள் தட்டையாகப் பரந்து சிற்றிலை ஆகின்றன, நுனிப்பக்கத்தவை பரக்காமல் நீண்டு கம்பி ஆகின்றன.

பரக்காமல் தடுப்பது யார் என்பதற்குத்தான் 'டெண்ட்ரில்-லெஸ்' என்ற இன்னொரு சடுதிமாற்றம் பதில் சொல்கிறது. அந்த மரபணு பழுதானால் கம்பி இருந்த ஒவ்வோர் இடத்திலும் முழுச் சிற்றிலை வந்துவிடும். நுனிவரை இலைதான், பார்க்க வேல மர இலை போல. அதனால் பழைய ஆட்கள் அதை 'அக்கேசியா' பட்டாணி என்றார்கள். 2009-இல் ஜூலி ஹோஃபரும் அவருடைய குழுவினரும் அந்த மரபணுவைப் பிடித்தார்கள். மற்ற மரபணுக்களை ஏவுவதும் அடக்குவதுமாக வேலை பார்க்கும் ஒரு புரதத்துக்கான மரபணு அது. இலை நுனிப்பக்கத்துப் புடைப்புகளில் மட்டும் அது விழித்திருந்து, 'நீ பரக்காதே' என்று பிடித்து வைக்கிறது. பிடி விட்டால் இலை. ஒரு பிரதி மட்டும் பழுதான செடியில் கம்பி பாதி தட்டையாகி, நாடா மாதிரி வரும். உங்கள் மாணவிக்கு இதுதான் பதில். திராட்சையில் கம்பி வருவது தண்டு வரவேண்டிய இடத்தில். பட்டாணியிலோ தடையை எடுத்தவுடன் கம்பியே சிற்றிலையாக விரிகிறது.

இனி உங்கள் பெட்டியில் நடந்தது. அஃபிலா செடியில் இரண்டு மரபணுக்கள் அடுத்தடுத்து இருந்த துண்டே குரோமோசோமில் இல்லை. அண்மையில்தான் இது தெரியவந்தது. இரண்டும் தீவனப் பயிர் குதிரைமசாலுக்கு உறவான மெடிகாகோ என்ற செடியில் 'பாம்1' என்று சொல்லும் மரபணுவின் சொந்தக்காரர்கள். மெடிகாகோவுக்கு வழக்கமாக மூன்று சிற்றிலை. பாம்1 போனால் ஐந்தாகி, விரித்த கை மாதிரி ஆகிவிடும். அங்கேயும் இங்கேயும் இதன் வேலை ஒன்றுதான்: கிளைக்கத் தூண்டும் இன்னொரு மரபணுவை அடக்கி வைப்பது.

அந்த இன்னொன்றுதான் கதாநாயகி, யூனிஃபோலியாட்டா. அது பழுதானால் பட்டாணியின் கூட்டிலை சுருங்கி ஒன்று முதல் மூன்று சிற்றிலையோடு நின்றுவிடும். 1997-இல் அதைப் பிரித்தெடுத்துப் பார்த்தபோது தெரிந்தது, அது வேறு செடிகளில் பூவை உருவாக்கும் 'லீஃபி' மரபணுவேதான். அதனால் யூனிஃபோலியாட்டா செடிக்குப் பூவும் சரியாக அமையாது, விதை பிடிக்காது. ஒரு பிரதி நன்றாக இருக்கும் செடிகளை வைத்துத்தான் அந்த வம்சத்தைக் காப்பாற்றுவோம். பூ வேலைக்காரியைப் பட்டாணி இலை வேலைக்கும் வைத்துக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றும். தக்காளியின் கூட்டிலையில் இந்த வேலையை 'நாக்ஸ்' என்ற வேறு மரபணுக்கள் பார்க்கின்றன. சோயாவின் இளம் இலையிலும் நாக்ஸ் உண்டு. பட்டாணியும் அதன் நெருங்கிய சொந்தங்களும்தான் தனி வழி போனவை.

ஆக, இலை முளைக்கும்போது யூனிஃபோலியாட்டா 'கிளை விடு, கிளை விடு' என்கிறது. அடிப்பக்கத்தில் அஃபிலா மரபணுக்கள் 'போதும்' என்று வாயை அடைக்கின்றன. உங்கள் செடியில் அடைக்க ஆள் இல்லை. அதனால் அடிப்புடைப்புகளும் கிளைத்துக்கொண்டே போகின்றன, நுனிப்பக்கக் குணமான கம்பி அங்கேயும் வந்துவிடுகிறது. கம்பிக்குக் கிளை, கிளைக்குக் கிளை என்று நீங்கள் எழுதினீர்களே, அதுதான் இது.

இரண்டும் சேர்ந்து பழுதானால்? அஃபிலாவும் டெண்ட்ரில்-லெஸ்ஸும் ஒரே செடியில் இருந்தால் கிளைத்தல் அப்படியே இருக்கும், ஆனால் ஒவ்வொரு கிளை முனையிலும் கம்பிக்குப் பதில் ஒரு குட்டிச் சிற்றிலை. முதல் தடவை பார்த்தபோது யாரோ கொத்துமல்லித் தொட்டியை மாற்றி வைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். எத்தனை கிளை என்பது ஒரு தீர்மானம், கிளை முனை தட்டையா உருளையா என்பது வேறொரு தீர்மானம். இரண்டையும் அந்தச் செடி தனித்தனியாகப் பிரித்துக் காட்டிவிடுகிறது.

எழுதினால் நிற்காது. 'காக்லியேட்டா' என்று ஒன்று உண்டு. செதில் வரவேண்டிய இடத்தில் இலை மாதிரி ஒன்று நிற்கும், வேர் முடிச்சின் நுனியிலிருந்து வேர் கிளம்பும். ஒரே மரபணு மேலேயும் கீழேயும் வேலை பார்க்கிறது. அது இன்னொரு நாளைக்கு.

மலைத்தோட்டம் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன் சார். பக்கத்துப் பெட்டி நன்றாக இருக்கிறது என்பதை நான் கவனிக்கவே இல்லை.

கோத்தகிரி டீச்சர் எழுதியது:

பட்டாணிக்காரன் சார், ரொம்ப நன்றி. இன்று அந்தப் பெண்ணை வீட்டுக்கே வரச்சொல்லி இரண்டு பெட்டியையும் காட்டினேன். கீழ் கணுவிலிருந்து விரலை வைத்து எண்ணிக்கொண்டே வந்தாள். பாக்கெட் செடியில் சிற்றிலை எந்த இடத்தில் புறப்படுகிறதோ, சுண்டல் செடியில் அதே இடத்தில்தான் முதல் கம்பி புறப்படுகிறது என்று அவளே சொன்னாள். எனக்கு இத்தனை நாள் இது கண்ணில் படவில்லை.

இரண்டு கேள்வி. மெண்டல் ஏன் இதை எடுத்துக்கொள்ளவில்லை? நானே இந்த இரண்டையும் கலப்புச் செய்து பார்க்க முடியுமா? அடுத்த வருஷம் இதே பிள்ளைகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் மெண்டல் பாடம் வருகிறது.

பட்டாணிக்காரன் எழுதியது:

மெண்டல் காலத்தில் அஃபிலா யார் கண்ணிலும் பட்டதாகப் பதிவு இல்லை. அவர் ஆய்வு 1866-இல் வந்தது, இது 1953. அக்கேசியா இலையை அவர் எடுக்காததும் ஒருவிதத்தில் நல்லதற்குத்தான். அந்த மரபணு, விதையைச் சுருங்க வைக்கும் மரபணுவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்திருந்தால், இரண்டு பண்பும் ஒன்றையொன்று சாராமல் பிரியும்போது வரும் 9:3:3:1 விகிதம் வந்தே இருக்காது. 1911-இல் மரபியல் ஆய்வாளர்கள் வில்மோரினும் பேட்சனும் இந்த ஜோடி சேர்ந்தே போவதைக் கண்டு எழுதினார்கள்.

கலப்பு தாராளமாகச் செய்யலாம். சுண்டல் செடியையே தாயாக வையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். இதழ் புல்லிக்கு மேல் லேசாகத் தலைகாட்டும் மொட்டாகப் பார்த்து எடுங்கள். விரியும்வரை காத்திருந்தால் அது தன் வேலையை முடித்துவிடும். கூர்மையான சிமிட்டாவால் கொடி இதழையும் சிறகு இதழையும் மெல்ல விலக்கி, படகு இதழை ஓரமாகக் கீறினால் பத்து மகரந்தத்தாள் தெரியும், ஒன்பது கட்டாக, ஒன்று தனியாக. மகரந்தப்பை வெடிக்காமல் வெளிர்பச்சையாக இருக்க வேண்டும். மஞ்சள் தூள் உதிர்ந்தால் அந்த மொட்டை விட்டுவிடுங்கள். பத்தையும் எண்ணி எடுங்கள். எண்ணாமல் எடுத்து ஒன்பதோடு நிறுத்தி ஏமாந்தவன் நான். பிறகு பாக்கெட் செடியில் அன்று விரிந்த பூவின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவி, இதழைத் திரும்ப மூடி, காம்பில் நூல் கட்டுங்கள்.

தாய் ஏன் அஃபிலா என்றால், முதல் தலைமுறையில் எல்லாம் சிற்றிலையோடு வர வேண்டும். ஏதாவது ஒன்று கம்பியாக முளைத்தால் அது கலப்பே இல்லை, உங்கள் கைக்குத் தப்பிய மகரந்தம். செடியே உங்கள் தப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். மாற்றி வைத்தால் கண்டுபிடிக்க வழி இல்லை.

அந்த விதையை உடனே போட்டு, அதில் வரும் காயை முற்றவிட்டு எடுத்தால், பள்ளி திறக்கும் நேரத்துக்கு இரண்டாம் தலைமுறை விதை கையில் இருக்கும். பூக்கும்வரை காத்திருக்க வேண்டாம், நாற்று மூன்று வாரம் ஆனாலே எண்ணிவிடலாம். 40 நாற்றில் 10 கம்பி எதிர்பார்க்கலாம். 7 வந்தாலும் 13 வந்தாலும் பிள்ளைகள் பயப்பட வேண்டாம்.

கோத்தகிரி டீச்சர் எழுதியது:

ஏழு மொட்டில் முயற்சி செய்தோம். மூன்றை நான் எடுத்தேன், மூன்றும் இரண்டே நாளில் உதிர்ந்துவிட்டன. நாலை அந்தப் பெண் எடுத்தாள். அதில் இரண்டில் பிஞ்சு பிடித்திருக்கிறது, சுண்டுவிரல் நகம் அளவு. சிவப்பு நூல் கட்டியிருக்கிறோம். சிவப்பு நூல் உள்ள காயைக் குருமாவுக்குப் பறிக்கக் கூடாது என்று வீட்டுக்காரருக்கு உத்தரவு போட்டாகிவிட்டது.